களைத்து வரும் மாலைக்கு ஒரு வீட்டு ரசம்: கேட்டு, அளந்து, கைப்பழக்கமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது பலருக்கும் உடம்பைவிட மனசுதான் அதிகம் களைத்திருக்கிறது. அலுவலகத்தில் கேட்ட பேச்சு, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த செய்தி, கட்ட வேண்டிய தவணை என்று ஏதோ ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் "ராத்திரிக்கு என்ன சமைக்கிறது?" என்ற சின்னக் கேள்விகூடப் பாரமாகிவிடும். கடைசியில் கைபேசியை எடுத்து எதையாவது ஆர்டர் போடுவோம், இல்லையென்றால் பிஸ்கட்டோடு படுத்துவிடுவோம்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். யோசிக்கவே தேவையில்லாமல் கை தானாகச் செய்துவிடக்கூடிய ஒரு சாப்பாடு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அது நாம் சிறு வயதில் சாப்பிட்டு வளர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. தமிழ் வீடுகளில் ரசத்தைவிட அதற்குப் பொருத்தமான ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. தேவையான பொருள் எல்லாம் எப்போதும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும். சோறு வேகும் நேரத்தில் ரசம் முடிந்துவிடும். தொட்டுக்கொள்ள ஒரு அப்பளம் போதும். எல்லாவற்றையும்விட, கொதிக்கும் ரசத்தின் வாசனை வந்தால் நமக்குச் சொந்தமான ஏதோ ஒரு வீடு நினைவுக்கு வந்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற பகுதியின் வழியாகத்தான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. வாசனை மட்டும் அந்தச் சுற்றுவழியில் போவதில்லை. மூக்குக்கு மேலே இருக்கும் வாசனைக் குமிழிலிருந்து, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸுக்கும் மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மிளகு இடிக்கும்போது பாட்டி வீட்டு அடுப்படி கண் முன்னால் வருவது இதனால்தான்.

ஆனால் அந்த வாசனை புத்தகத்துக் குறிப்பிலிருந்து வராது. உங்கள் வீட்டுப் பக்குவமே வேண்டும். அதை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பழகுவது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: யாருடைய ரசம் வேண்டும்?

கண்ணை மூடி யோசித்தால் ஒருவர் முகம் வரும். அம்மா, ஆச்சி, அத்தை, சமைக்கத் தெரிந்த தாத்தா, யாராகவும் இருக்கலாம். அவருடைய ரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "எது சிறந்த ரசம்?" என்று தேடிப் போக வேண்டாம். கொங்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்குக் கொள்ளு ரசம்தான் ரசம். இன்னொருவருக்குப் பருப்பே சேராத மிளகு ரசம். சில வீடுகளில் தக்காளியே போட மாட்டார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தக்காளியும் மிளகாயும் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் காரத்துக்குப் பெரும்பாலும் மிளகும் புளிப்புக்குப் பெரும்பாலும் புளியும் இருந்தன.

படி 2: பக்கத்தில் நின்று அளப்பது

இந்தப் படிக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். போனில் கேட்டால் கிடைப்பது பாதிதான். பல வருடம் சமைத்த கைக்கு அளவு வாயில் இருக்காது. என் அத்தையிடம் "பெருங்காயம் எவ்வளவு அத்தை?" என்று கேட்டேன். "எவ்வளவுன்னு என்னத்தைச் சொல்ல கண்ணு, வாசம் வர்ற அளவுக்குத்தான்" என்றார். அவர் சொன்னது சரியான பதில்தான். நமக்குத்தான் அதைக் கிராமாக மாற்றத் தெரிய வேண்டும்.

அதற்கு எளிய வழி, மீதியை அளப்பது. அவர் சமைக்கப் போகும் முன்பே புளி, மிளகு, சீரகம், உப்பு எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். அவரை வழக்கம்போல எடுத்துப் போடச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி "கொஞ்சம் இருங்க, அளக்கணும்" என்று சொன்னால் கை தடுமாறிவிடும். எல்லாம் முடிந்த பிறகு கிண்ணத்தில் மீதியை நிறுத்துப் பார்த்தால், எவ்வளவு போட்டார் என்பது தானாகத் தெரிந்துவிடும். "நெல்லிக்காய் அளவு புளி" என்பது ஒரு வீட்டில் 12 கிராமாகவும் இன்னொரு வீட்டில் 20 கிராமாகவும் இருக்கும். உங்கள் வீட்டு நெல்லிக்காய் எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டும்.

தண்ணீருக்கு அவர் எடுக்கும் டம்ளரையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் ஊற்றி, மில்லி கோடு போட்ட குவளையில் கவிழ்த்துப் பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். பழைய வீடுகளில் ஆழாக்கு இருந்தால் அதையும் இப்படியே பாருங்கள். சென்னைப் படிக் கணக்கில் 8 ஆழாக்கு 1 படி, 1 ஆழாக்கு சுமார் 168 மில்லி. ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும் என்பதால் உங்கள் கையில் இருக்கும் பாத்திரத்தையே நம்புங்கள்.

எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முக்கியமானது தப்பிவிடும். அவர் எந்த இடத்தில் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகிறார், எப்போது தீயைக் குறைக்கிறார், எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அத்தை ரசப் பாத்திரத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஓரத்தில் சுற்றி நுரை கட்டி நடுவை நோக்கி வரும். நடுவில் ஒரு ரூபாய்க் காசளவுக்குத் தெளிவாகத் தெரியும்போதே அடுப்பை அணைத்து, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, உடனே தட்டைப் போட்டு மூடிவிடுவார். அந்த நொடியைப் படம் எடுத்து வைத்தேன். எந்தக் குறிப்பைவிடவும் அது உதவுகிறது. கைபேசியை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்து முழுவதையும் வீடியோ எடுங்கள். முகம் வராவிட்டாலும் கை தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும்.

கையில் வேலை இருக்கும்போதுதான் பெரியவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். உட்கார வைத்து "உங்க காலத்துக் கதை சொல்லுங்க" என்றால் "என்ன இருக்கு சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். பூண்டு உரிக்கும்போது "இதை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?", "வீட்ல எத்தனை பேருக்கு வைப்பீங்க?", "பருப்பு இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். குடும்பத்தின் கஷ்ட காலமும் அதைக் கடந்த விதமும் அந்தப் பதிலில் வரும்.

கேட்க ஆள் இல்லை என்றால்

அந்தக் கை இப்போது இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். அவரோடு சாப்பிட்டவர்கள் இருப்பார்கள். சித்தி, மாமா, பெரியம்மா மகள், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். "எப்படி வைப்பாங்க?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "சித்தி, அம்மா பூண்டைத் தோலோட நசுக்குவாங்களா, உரிச்சா?", "தாளிப்பு முதல்லயா, கடைசியிலயா?", "நெய்யா, நல்லெண்ணெயா?", "மேல தெளிவு, அடியில மண்டி இருக்குமா, இல்ல ஒரே மாதிரி கலங்கலா இருக்குமா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லும்படி கேளுங்கள். மண்டி இருந்தால் பருப்பும் பொடியும் தாராளம் என்று புரிந்துகொள்ளலாம்.

பிறகு கீழே உள்ள அடிப்படைக் குறிப்பின்படி வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சுவைத்துப் பாருங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பாட்டியின் ஈயச்சொம்பு வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் பாத்திரம் தாங்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிப்போகும். அதில் தாளிக்கவும் கூடாது. இன்னொன்று, காரீயம் கலந்த சொம்பு உடம்புக்குக் கெடுதல். எங்கே வாங்கியது, எதில் செய்தது என்று தெரியாவிட்டால் சோதித்துப் பார்க்கும்வரை சமைக்காமல் நினைவுப் பொருளாக வைத்திருங்கள். ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் புளிச் சமையல் வேண்டாம். எவர்சில்வர் போதும்.

படி 3: ஒரே பக்கத்தில் எழுதுவது

நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். களைத்த நாளில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பத் தோன்றாது. மேலே யாருடைய ரசம் என்ற பெயர், அடுத்து கிராமிலும் கரண்டியிலும் அளவு, அப்புறம் செய்முறை. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "பச்சை வாசனை போகட்டும்", "பொங்கி வர்றப்ப இறக்கு" என்பதற்குப் பதிலாக "8 நிமிடம் சூடாக்கவும்" என்று மட்டும் எழுதினால் பக்குவம் போய்விடும். நிமிடத்தைப் பக்கத்தில் சின்னதாகக் குறித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் "இல்லை, அம்மா சீரகம் இன்னும் அதிகம் போடுவாங்க" என்று திருத்துவார். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 4: ஓய்வு நாளில் பாதி வேலை

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வார நாட்கள் லேசாகிவிடும்.

புளிக் கரைசல்: கொட்டை, நார் எடுத்த புளி 100 கிராமை 400 மில்லி சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். 1 தேக்கரண்டி உப்புப் போட்டுப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் 2 வாரம் தாங்கும். இதில் 2 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம் புளிக்குச் சமம். புதுப் புளி வெளிர் நிறத்தில் இருக்கும், பழசாக ஆகக் கறுத்துவிடும். பழம்புளியானால் அளவைச் சற்றுக் குறையுங்கள்.

பருப்பு: அரை கப் துவரம் பருப்பை மஞ்சள் தூளோடு குழைய வேகவைத்து மசித்து, 3 சின்ன டப்பாவில் பிரியுங்கள். ஆறியதும் தாமதிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து 3 நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஃபிரீசர்.

ரசப்பொடி: மல்லி விதை 4 மேசைக்கரண்டி, துவரம் பருப்பு 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5. மூன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் பருப்பு சிவப்பதற்குள் மல்லி கருகிவிடும். நன்றாக ஆறவிட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள். சூட்டோடு அரைத்து மூடினால் ஈரம் கோத்துக் கட்டி தட்டிவிடும். மிளகு, சீரகம், பூண்டை நான் இதில் சேர்ப்பதில்லை. அவற்றை அன்றன்று இடிப்பதில்தான் ரசத்தின் உயிரே இருக்கிறது. முழுப் பூண்டுக்குப் பெரிய வாசனை கிடையாது. நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து, அல்லிசின் உருவாகி அந்த வாசம் கிளம்புகிறது.

படி 5: அந்த மாலை

வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் முகம் கழுவிக்கொள்ளுங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். அடுப்படிக்கு அது வர வேண்டாம். 3 பேருக்கு அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்துவிடுங்கள்.

இப்போது சின்ன உரலை எடுங்கள். மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, தோலோடு பூண்டு 5 பல். மிளகை முதலில் ஒன்றிரண்டாக உடைத்து, சீரகம் போட்டு, கடைசியில் பூண்டைத் தட்டுங்கள். இடிக்கும்போது மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. தனியாகப் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி செய்ய நேரமில்லாதவர்களுக்கு இந்த ஒரு நிமிடம் பெரிய உதவி. கைக்கு வேலை, மூக்குக்கு வாசம், மனசு கொஞ்சம் இறங்கும்.

பாத்திரத்தில் பழுத்த தக்காளி 2 போட்டுக் கையாலேயே பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம். கையால் கரைத்த ரசத்தின் பதமே வேறு. புளிக் கரைசல் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 500 மில்லி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, சுண்டைக்காய் அளவில் பாதி கட்டிப் பெருங்காயம், உருவிய கறிவேப்பிலை ஒரு கொத்து, ரசப்பொடி 1 தேக்கரண்டி சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். உப்பு முதலில் முக்கால் தேக்கரண்டி போதும். புளிக் கரைசலிலேயே உப்பு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

8 முதல் 10 நிமிடத்தில் புளியின் பச்சை வாசனை போய்விடும். கொதிக்க வேண்டியது இந்தக் கட்டம்தான். அதன்பின் ஒரு டப்பா பருப்பை 200 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றி, இடித்ததைப் போட்டு, தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். இனிமேல் கொதிக்கக்கூடாது. மிளகு, சீரகத்தின் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிவிடும் தன்மை கொண்டவை. தளதளவென்று கொதித்தால் வாசனை அறைக்குள் போய்விடும், ரசத்தில் காரம் மட்டும் நிற்கும். நுரை ஓரத்திலிருந்து கூடி வரும்போது அணைத்து, கொத்தமல்லித் தழை தூவி மூடுங்கள்.

கடைசியாக 1 தேக்கரண்டி நெய்யில் கடுகு அரைத் தேக்கரண்டி வெடித்ததும், கிள்ளிய காய்ந்த மிளகாய் ஒன்று போட்டுச் சிவந்தவுடன் ரசத்தில் கொட்டி மறுபடி மூடுங்கள். 5 நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

சுவை பார்க்கும்போது புளிப்பு தூக்கலாக இருந்தால் துளி வெல்லமோ இன்னும் கொஞ்சம் பருப்புத் தண்ணீரோ சேர்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் சப்பென்று தோன்றினால் ஒரு சிட்டிகை உப்பு. கசந்தால் கடுகு கருகியிருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் மிளகையும் புளியையும் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

படி 6: சாப்பிடும் நேரம்

தட்டில் சூடான சோறு, குழி பறித்து ரசம், ஒரு அப்பளம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். அன்றைய பிரச்சனையைச் சாப்பாட்டில் பேச வேண்டாம் என்பது என் கட்டாயமான யோசனை. அது எங்கும் போய்விடாது. பேச விஷயம் வேண்டுமென்றால், ரசம் யாருடையதோ அவரைப் பற்றிப் பேசுங்கள். தனியாக இருப்பவர்கள் தட்டோடு உட்கார்ந்து அத்தைக்கோ தம்பிக்கோ ஒரு போன் போடலாம். "இன்னைக்கு உங்க ரசம்தான் வச்சேன்" என்று சொன்னால் அந்தப் பக்கம் குரல் மலர்வதை நீங்களே கேட்பீர்கள்.

எல்லா நினைவும் இனிக்காது என்பதும் உண்மை. சிலருக்கு வீட்டு அடுப்படி என்றாலே சண்டையும் வசவும்தான் ஞாபகம் வரும். அவர்கள் தோழி வீட்டு ரசத்தையோ விடுதிச் சமையல்காரர் வைத்ததையோ எடுத்துக்கொள்ளட்டும். அன்பாகச் சோறு போட்ட எந்தக் கையும் சொந்தம்தான்.

ரசம் ஒரு மாலையை லேசாக்கும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது. தூக்கம் வராமை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

படி 7: கை பழகும்வரை, அதற்கு அப்புறமும்

வாரத்தில் ஒரு நாளை ரசத்துக்கென்று வைத்துக்கொண்டால் சீக்கிரமே நோட்டைப் பார்க்கத் தோன்றாது. பழகும் வரை குறிப்பை மாற்றாதீர்கள். கை பழகிய பிறகு பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ, சளி பிடித்தால் தூதுவளை, பருப்பு தீர்ந்த நாளில் வெறும் மிளகு என்று போகலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உரலை அவர்களிடம் கொடுங்கள். 7, 8 வயதில் மிளகு உடைக்க வரும், தக்காளி பிசைய வரும். அடுப்புப் பக்கமும் தாளிப்பும் பெரியவர் கையில் இருக்கட்டும். எவ்வளவு உப்பு என்று கேட்டால் கரண்டியைக் காட்டுங்கள், பிறகு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னால், போட்டுப் பாருங்கள்.